வீட்டுக்குள் வளரும் முயலுக்கு எந்தத் தரை ஏற்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு உணவைப் பற்றிய சந்தேகங்கள் முதல் சில மாதங்களில் தீர்ந்துவிடுகின்றன. தரையைப் பற்றிய சந்தேகங்களோ, முயலுக்கு வயதாகும்வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாயும் பூனையும் வெறும் தரையில்தானே நடமாடுகின்றன? முயலுக்கு மட்டும் ஏன் விரிப்பு?

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தின் அடியில் தடித்த தோலால் ஆன திண்டு உண்டு. அது தரையைப் பற்றிக்கொள்ளவும் செய்யும், உடல் எடையைத் தாங்கவும் செய்யும். முயலுக்கு அந்தத் திண்டு கிடையாது. அதன் உள்ளங்காலில் இருப்பது அடர்ந்த மயிர் மட்டுமே. மெருகேற்றிய தரையில் காலுறை அணிந்து ஓடிப் பார்த்தவர்களுக்கு முயலின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

மண்ணில் வாழும் முயல் நகத்தை நம்பித்தான் ஓடுகிறது. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4 என அமைந்த அந்த நகங்கள் பூனையின் நகங்களைப் போல உள்ளே இழுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஒவ்வொரு அடியிலும் மண்ணுக்குள் இறங்கி, எடையில் ஒரு பங்கை விரல்களின் பக்கம் வாங்கிக்கொள்கின்றன. கெட்டியான தரையில் நகம் இறங்க இடமில்லாததால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, எடை பின்னால் சாய்ந்து குதிகாலில் விழுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்து பிறந்தவைதாம்.

வழுக்கினால் என்ன, நான்கு நாளில் பழகிக்கொள்ளாதா?

பழகிக்கொள்ளாது. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7 முதல் 8 விழுக்காடுதான். பூனைக்கு அது 12 முதல் 13 விழுக்காடு. எலும்பு இவ்வளவு மெல்லியதாக இருக்க, பின்னங்கால் தசைகளோ உடலின் அளவுக்கு மிகவும் வலியவை. மிரண்ட முயல் பிடிமானமில்லாத தரையில் முழு வேகத்தில் உதைக்கும்போது, அந்த உதையின் விசையே கீழ்முதுகெலும்பை முறித்துவிடக்கூடும்.

வழுக்கும் தரையிலிருந்து முயல் கற்றுக்கொள்வதெல்லாம், நகராமல் இருப்பது ஒன்றைத்தான். விரிப்பின் ஓரத்தில் நின்றுகொண்டு, பின்னங்கால்கள் இரண்டையும் துணியிலேயே ஊன்றியபடி, உடலை ரப்பரைப் போல இழுத்து நீட்டி, எட்டாத கீரைத் தண்டை நுனிப் பல்லால் கவ்வ முயலும் முயலைப் பலரும் சிரித்தபடி படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது வேடிக்கை இல்லை. அந்தத் தரையை மிதிக்க அது அஞ்சுகிறது. நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் முயலுக்கு எடை கூடும், குடலின் இயக்கம் மந்தமாகும்.

எங்கள் வீடு முழுவதும் பளபளப்பான டைல்ஸ். தரையையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். டைல்ஸ், மார்பிள், கிரானைட் எதுவாக இருந்தாலும் அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு மேலே விரித்தால் போதும். சொல்லப்போனால் நீர் ஊறாத தரை கீழே இருப்பது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் விரிப்பு தரையோடு சேர்ந்து வழுக்கினால் போட்டதில் பயனில்லை என்பதால், கம்பளங்களுக்கு அடியில் வைக்கும் ரப்பர் வலைத் தாளை விரிப்பைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி அடியில் வையுங்கள். ஓரம் வெளியே தெரிந்தால் முயல் அதைத் தின்னப் பார்க்கும்.

மெருகேற்றாத சிமெண்டுத் தரை வழுக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. அது வழுக்காது, ஆனால் உப்புத்தாளைப் போல உள்ளங்கால் மயிரைத் தேய்த்துவிடும், கெட்டித்தன்மையும் குறையவில்லை. அதன் மேலும் விரிக்கத்தான் வேண்டும்.

முழு அறைக்கும் விரிக்க வேண்டுமா, கொஞ்ச இடம் போதுமா?

பிரிட்டனின் முயல் நல அமைப்பு, இரண்டு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள இடத்தைப் பரிந்துரைக்கிறது. அந்த அளவுக்காவது இடைவெளியில்லாமல் விரிப்பது நல்லது. அதற்கு மேற்பட்ட இடத்துக்கு, முயல் வழக்கமாகப் போய்வரும் தடத்தைக் கவனித்து, அதன் மேல் நீளவாக்கில் விரித்தால் போதும். உணவுக் கிண்ணம், கழிவுத் தட்டு, ஒளிந்துகொள்ளும் பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் பாதை எங்கும் அறுபடக் கூடாது. ஒளிவிடத்தின் வாயிலில் மட்டும் விரிப்பு இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மிரண்ட முயல் பாய்ந்து நுழையும் இடமே அதுதான்.

வெயில் காலத்தில் விரிப்பை விட்டுவிட்டு வெறும் டைல்ஸில்தான் படுக்கிறது. அதற்கு டைல்ஸ்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லையா?

அது தேடுவது குளிர்ச்சியை. முயலுக்கு வியர்வை மூலம் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி இல்லை; நாயைப் போல மூச்சிரைத்தும் போதிய அளவு வெப்பத்தை வெளியேற்ற முடியாது. காதுகளில் ஓடும் இரத்தத்தின் வழியாகத்தான் பெரும்பகுதி வெப்பத்தை இழக்கிறது. அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது குளிர்ந்த கல்லில் வயிற்றை ஒட்டவைத்துப் படுப்பது அதற்கு ஒரு வழி.

எனவே உடலை முழுதாக நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு மூலையை வெறுமனே விட்டுவையுங்கள். ஓடும் தடத்தில் அந்த மூலை குறுக்கிடக் கூடாது. விருப்பப்பட்ட நேரத்தில் எழுந்து மெத்தென்ற இடத்துக்குப் போக முடிகிற முயலுக்கு வெறும் கல் தீங்கு செய்வதில்லை. வேறு இடமே இல்லாதபோதுதான் தீங்கு.

சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்: எந்த விரிப்பு?

நெருக்கமாக நெய்த, தடித்த பருத்திச் சமுக்காளம், அதன் அடியில் மெத்தென்ற ஓர் அடுக்கு. வேறு பல பொருள்களும் சரிப்படும் என்றாலும், ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். நகத்துக்குப் பிடி கிடைக்கிறது, வளையங்களில் மாட்டுவதில்லை, துவைக்க முடிகிறது, ஓரிரு இழை வயிற்றுக்குள் போனாலும் செயற்கை நூலைவிடக் கவலை குறைவு.

எதை வாங்கினாலும் கடையில் நின்றபடியே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் சுட்டுவிரல் நகத்தால் துணியைக் குறுக்கே சுரண்டுங்கள். நகம் எதிலாவது மாட்டி நின்றால் முயலின் நகமும் மாட்டும். பிறகு விரிப்பைத் தரையில் போட்டு, முழங்காலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் முழங்காலுக்கு வலித்தால், அதன் மேல் நாள் முழுதும் குந்தியிருக்கும் குதிகாலுக்கும் வலிக்கும். கூச்சமாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யுங்கள், ஆனால் செய்யாமல் விடாதீர்கள்.

கார்பெட் இன்னும் மென்மையாக இருக்குமே, அது ஆகாதா?

கார்பெட் என்ற பெயரில் பல வகைகள் இருப்பதால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. நூல் வளையம் வளையமாக நிற்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். வளையத்தில் நகம் மாட்டிய நிலையில் முயல் துள்ளினால் நகம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும், சில வேளை விரலே பிசகிவிடும். குளியல் துண்டுகளிலும் அதே வளையங்கள்தாம் உள்ளன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நூல் நுனிகள் குட்டையாக வெட்டப்பட்டு நெருக்கமாக நிற்கும் கார்பெட் பரவாயில்லை.

அதிலும் கடிக்கும் பழக்கமுள்ள முயலுக்குச் செயற்கை நூல் ஆபத்தானது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய இழை பின்வழியாக வெளியேற வேண்டும் அல்லது குடலில் தங்க வேண்டும். தங்கினால் அடைப்பு, அடைப்பு என்றால் உயிருக்கே ஆபத்து. புழுக்கைகள் திடீரெனச் சிறுத்துவிட்டாலோ, அரை நாளாகச் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

குழந்தைகள் விளையாடப் போடும், துண்டு துண்டாகக் கோக்கும் ஃபோம் மேட் போட்டிருக்கிறேன். சரிதானே?

பாதத்துக்குச் சரி, வாய்க்குத் தவறு. இதை நான் அனுபவித்தே அறிந்தேன். ஒரு காலை கழிவுத் தட்டைச் சுத்தம் செய்தபோது புழுக்கைகளின் நடுவே நீல நிறப் பொடிகள் தெரிந்தன. தேடிப் பார்த்தால், இரண்டு துண்டுகள் கோத்துக்கொள்ளும் பல் போன்ற விளிம்பில் கைப்பிடி அளவு காணவில்லை. எல்லாம் வெளியேறிவிட்டது எங்கள் நற்பேறு.

அன்றிலிருந்து ஃபோம் மேட் எங்கள் வீட்டில் அடி அடுக்காக மட்டுமே இருக்கிறது. அதன் மேல் சமுக்காளத்தை நான்கு பக்கமும் உள்ளே மடித்துச் செருகி, எந்த விளிம்பும் பல்லுக்கு எட்டாதபடி, ஓரங்களில் கனமான பொருள்களை வைத்துவிடுகிறேன். சமுக்காளத்தைப் பற்றிய பதிலில் சொன்ன ‘மெத்தென்ற ஓர் அடுக்கு’ இதுதான்.

கோரைப்பாய், சணல் விரிப்பு, தேங்காய்நார் மிதியடி போன்ற இயற்கைப் பொருள்கள் பயமில்லைதானே?

சாயமும் மெழுகும் ஏற்றாத புல்வகைப் பாய்களை முயல் தின்றாலும் பெரிய கேடில்லை; தின்னத்தான் செய்யும், எனவே பாய் சில வாரங்களில் நைந்துவிடும் என்பதை ஏற்றுக்கொண்டு போட வேண்டும். ஒரே சிக்கல், பல பாய்களின் பாவு, அதாவது கோரையைக் கோத்துப் பிடிக்கும் நூல், நைலானாக இருப்பது. கோரை தேய்ந்தபின் அந்த நூல் மட்டும் நீளமாகத் தொங்கி, காலில் சுற்றிக்கொள்ளும். பார்வைக்குக் கோரை போலவே இருக்கும் பிளாஸ்டிக் பாய்கள் வழுக்கவும் செய்யும், கடித்தால் சீவல் சீவலாக வரும்.

சணலில் பிரிந்து நிற்கும் நீண்ட இழைகளை அவ்வப்போது கத்தரித்துவிடுங்கள். தேங்காய்நார் படுக்கைக்கு ஆகாத அளவுக்குச் சொரசொரப்பானது. தோண்டி விளையாடும் மூலையில் ஒரு துண்டு இருக்கலாம்.

கம்பி வலைத் தரையுள்ள கூண்டு வாங்கிவிட்டேன். புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் அது சுத்தம் என்று கடையில் சொன்னார்கள்.

சுத்தம் செய்பவருக்கு வசதி, அவ்வளவுதான். உடலின் எடை முழுவதும் மெல்லிய கம்பிகளின் மேல் கோடு கோடாக அழுந்தும். கண்ணிகளில் நகமும் விரலும் மாட்டும். கூண்டைத் திருப்பித் தர முடியாவிட்டால், வலையின் மேல் ஒட்டுப்பலகையை அளவாக வெட்டிப் போட்டு, அதன் மேல் விரிப்பைப் போட்டு, ஒரு மூலையில் கழிவுத் தட்டை வைத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கூண்டின் கதவைத் திறந்தே வைத்திருக்க முயலுங்கள்.

மரத்தூள் அல்லது மரச்சீவலைப் பரப்பிவிட்டால் மெத்தென்றும் இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும் அல்லவா?

உலர்த்திப் பதப்படுத்தாத பைன், தேவதாரு போன்ற மரங்களின் சீவலில் உள்ள வாசனைப் பொருள்கள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அந்த நறுமணமே எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய தூள் எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் வேண்டாம். முயல் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும், மூக்கடைத்தால் வாயால் விட்டுச் சமாளிக்கும் பிராணி இல்லை.

பரப்பத்தான் வேண்டுமென்றால் உலர்புல்லைத் தாராளமாகப் பரப்புங்கள். செய்தித்தாள் தனியாகப் போட்டால் வழுக்கும், நனைந்தால் காலில் ஒட்டும். பூனைகளுக்கு விற்கும், ஈரம் பட்டால் கட்டிபடும் களிமண் துகள்களைக் கழிவுத் தட்டில்கூடப் போடாதீர்கள். தட்டில் கட்டிபடுவது குடலிலும் கட்டிபடும்.

மெத்தென்ற விரிப்பைப் போட்டதிலிருந்து அதிலேயே சிறுநீர் கழிக்கிறது. என்ன செய்வது?

ஈரத்தை உறிஞ்சும் மென்மையான இடத்தைத் தேர்ந்தெடுப்பது அதன் இயல்பு. எந்த மூலையில் கழிக்கிறதோ அந்த மூலையிலேயே தட்டை வைத்து, உலர்புல்லைத் தட்டின் ஒரு பக்கத்தில் தின்ன வசதியாக வையுங்கள். முயல் தின்றுகொண்டே கழிப்பதால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் பலிக்கும். கருத்தடை செய்யாத முயல் எல்லையைக் குறிக்கவும் சிறுநீரைத் தெளிக்கும். அறுவைக்குப் பின் அது பெரிதும் குறையும்.

அதுவரை மேலே ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற கம்பளித் துணி போன்ற செயற்கைத் துணி, நடுவில் உறிஞ்சும் பருத்தி, அடியில் நீர் ஊடுருவாத தாள் என்று அடுக்குங்கள். ஃப்ளீஸ் ஈரத்தைத் தன்னில் தேக்காமல் கீழே விட்டுவிடுவதால் பாதம் உலர்வாக இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் பிய்ந்துவிடும். பின்புறம் ஈரமாகவும் அழுக்காகவும் இருக்கும் முயலின் மேல் ஈக்கள் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நெடுங்காலம் ஒழுங்காகத் தட்டில் போய்வந்த முயல் திடீரென்று கண்ட இடத்தில் கழித்தால், பயிற்சியைக் குறை சொல்லாமல் சிறுநீர்ப்பையையும் மூட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தரையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிகிறது. எதைக் கொண்டு துடைப்பது?

அது உண்மையிலேயே சுண்ணாம்புச் சத்துதான். முயல் உணவில் மிகுதியாகச் சேரும் கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், காய்ந்த இடத்தில் கால்சியம் கார்பனேட் படிகிறது. தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை ஊற்றிச் சில நிமிடங்கள் ஊறவிட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். மார்பிள் தரையில் மட்டும் வினிகரைத் தொடாதீர்கள். மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட் என்பதால் கறையோடு பளபளப்பும் போய்விடும். அங்கே மென்மையான சோப்புநீரும், சிறுநீரை உடனுக்குடன் துடைப்பதும்தான் வழி.

குளோரின் சார்ந்த வெளுப்பானைச் சிறுநீரின் மேலோ வினிகரின் மேலோ ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். ஃபீனால் மணமுள்ள தரைக் கழுவிகளும் முயல் இருக்கும் அறைக்கு ஆகாதவை. இடையிடையே சிறுநீர் ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் பெரும்பாலும் அது தின்ற தாவரங்களின் நிறமிதான். நிறம் நீடித்தாலோ, முக்கிச் சிரமப்பட்டுக் கழித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எதை விரித்தாலும் தோண்டிக் கடித்துக் கிழித்துவிடுகிறது. விரிப்பே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

வளை தோண்டி வாழ்ந்த உயிரின் வழித்தோன்றல் தோண்டத்தான் செய்யும். வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் கடிக்கவும் செய்யும். விரிப்பை எடுத்துவிட்டால் இரண்டாம் கேள்வியில் சொன்ன ஆபத்து திரும்பிவிடும். அகலமான அட்டைப் பெட்டியில் கிழித்த தாளும் உலர்புல்லும் நிரப்பித் தோண்டுவதற்கென்றே கொடுத்துப் பாருங்கள். முயல் எப்போதும் ஓரத்திலிருந்தோ சுருக்கத்திலிருந்தோதான் தொடங்கும். ஓரம் மறைந்து, துணி இழுத்துக் கட்டியது போல இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒவ்வொரு வாரமும் தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள்.

எல்லா இடமும் மெத்தென்று செய்துவிட்டேன். இனிக் குதிகாலில் புண் வராதுதானே?

வரலாம். தரை ஒரு காரணம்தான். அதிக எடை, நீண்டு வளைந்த நகங்கள், ஈரம், அசையாமை ஆகியவையும் காரணங்கள். ரெக்ஸ் இன முயல்களுக்கு உள்ளங்கால் மயிர் பிறவியிலேயே மெல்லியது. பெரிய உடல்வாகுள்ள இனங்களுக்குப் பாதத்தில் விழும் சுமை அதிகம். நகம் நீண்டுவிட்டால், முதல் பதிலில் சொன்னபடி விரல்கள் மேலே தள்ளப்பட்டு எடை குதிகாலுக்குப் போகும். அதாவது நல்ல விரிப்பின் மேலேயே கெட்ட தரையின் விளைவு வந்துவிடும். ஆறு வாரங்களுக்கு ஒருமுறையாவது நகத்தைப் பாருங்கள்.

மிகவும் அமிழும் மெத்தையும் நல்லதன்று. கால் புதையும் இடத்தில் முயல் நிதானமிழந்து, குதிக்கத் தயங்கும். ஒரே வகை விரிப்பைவிட, சமுக்காளம், புல்பாய், உலர்புல், குளிர்ந்த மூலை என்று மாறி மாறி அமைவதால் அழுத்தம் எப்போதும் ஒரே புள்ளியில் விழாது.

குதிகாலில் மயிர் இல்லாமல் ஒரு வட்டம் தெரிகிறது. இது புண்ணா?

முயலை மல்லாத்தாமல் மடியில் உட்காரவைத்து, ஒருவர் அணைத்துப் பிடிக்க, மற்றவர் பின்னங்காலை மெல்ல உயர்த்தி, உள்ளங்கால் மயிரை வாயால் ஊதி விலக்கிப் பாருங்கள். எலும்பு முட்டும் இடத்தில் சிறு நாணயத்தைவிடச் சிறிதாக, உலர்ந்து, வெளிர் நிறத்தில் காய்ப்பாக இருந்து, சுற்றியுள்ள மயிர் அதை மூடினால் வளர்ந்த முயல்களில் பொதுவாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு படம் எடுத்து வைத்து, மாதந்தோறும் ஒப்பிட்டு வாருங்கள். சிவந்திருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, பொருக்கு, வெடிப்பு, கசிவு தெரிந்தாலோ, தொடும்போது காலை வெடுக்கென்று இழுத்தாலோ, அது மருத்துவர் பார்க்க வேண்டியது. கவனிக்காமல் விட்ட புண் எலும்புவரை போய்விடும். அதற்குப் பின் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். நீங்களாகவே கட்டுப் போடாதீர்கள், அதைக் கடித்துத் தின்றுவிடும்.

சோபாவில் ஏறிக் குதிக்கிறது. அதற்கும் ஏதாவது விரிக்க வேண்டுமா?

ஏறும் இடத்தைவிட இறங்கும் இடம் முக்கியம். வழக்கமாகக் குதித்திறங்கும் இடத்தில் மெத்தான விரிப்பு இருக்கட்டும். சாய்தளம் வைத்தால் அதன் மேலும் துணி ஒட்டியிருக்க வேண்டும்.

வயதாகிவிட்டது, பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. என்ன மாற்ற வேண்டும்?

விரிப்புக்கும் விரிப்புக்கும் இடையே விரல் அகல இடைவெளிகூட இல்லாமல் சேர்த்துவிடுங்கள். முன்பு தாண்டிய இடைவெளியில் இப்போது கால் அகன்று வழுக்கும். கழிவுத் தட்டின் ஒரு பக்கத்தை வாசல் போலத் தாழ்வாக வெட்டி, உள்ளேயும் பிடிமானத்துக்கு ஏதாவது விரியுங்கள். நெடுநேரம் படுத்திருக்கும் முயலுக்கு மேலே சொன்ன ஃப்ளீஸ் அடுக்கைத் தடித்ததாக அமைத்து, ஒரு நாளில் பலமுறை தொட்டுப் பார்த்து ஈரமானதை மாற்ற வேண்டும்.

நல்ல விரிப்பாகப் பார்த்து வாங்கிப் போட்டேன், மிதிக்கவே மாட்டேன் என்கிறது.

புது விரிப்பில் அதன் வாசனை இல்லை. தாடையின் அடியிலுள்ள சுரப்பியால் பொருள்களின் மேல் தேய்த்துத் தன் வாசனையைப் பூசிவைத்தால்தான் ஓர் இடம் அதற்குத் தன்னுடையதாகிறது. புதியதை ஒருமுறை மணமில்லாத சோப்பில் துவைத்து, பழைய விரிப்பின் அருகே ஓரம் ஒட்டுமாறு போட்டு, நடுவில் கொஞ்சம் உலர்புல்லை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். முதலில் முன்னங்கால்கள் மட்டும் வரும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ நான்கு கால்களும் வந்துவிடும். துவைக்கும் நாளிலும் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடாமல், துவைக்காத ஒன்றையாவது அறையில் விட்டுவையுங்கள்.